மின்மினி டிஸ்கோ இருசப்பன்

எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் இருசப்பன் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பான். பதினைந்து வினாடிக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குவான். கோயில் உறுமியானாலும் சரி, பேருந்தில் கேட்கும் மலாய் ரேடியோவானாலும் சரி, உதடு தானாக அசையும். "நூத்திப் பதினாறு" என்பான். பக்கத்தில் இருப்பவர்கள் பேருந்து எண்ணைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அசாம் ஜாவா ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் மூன்று மைல் தள்ளி ஒரு தோட்டம் இருந்தது. கம்பெனி ஏடுகளில் அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர். ஜனங்கள் மூங்கில்காட்டுத் தோட்டம் என்பார்கள். அங்கே நாலாவது லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன் இருசப்பன். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில் அவன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். ரேடியோவுக்குள் இருக்கும் பச்சைப் பலகைகளில் பழுது பார்க்கும் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போய் மாலையில் திரும்புவான். கல்யாணம் ஆகவில்லை. பெற்றோர் போன பிறகு லயத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தான்.

1986இல் கோலாலம்பூரில் மூடப்பட்ட ஒரு டிஸ்கோவிலிருந்து இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள்கள் இரண்டை வாங்கி வந்தான். இரண்டும் பழுது. ஒரு மாதம் உட்கார்ந்து அவனே சரிசெய்தான். கூட்டாளி சேதுவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளும் நாலு வண்ண விளக்குகளும் சேர்த்து, "மின்மினி மொபைல் டிஸ்கோ" என்று வேனில் எழுதினார்கள். கம்போங் குவாந்தானில் இரவில் மின்மினி மொய்க்கும் ஆற்றங்கரை மரங்களைப் பார்த்துச் சேது வைத்த பெயர் அது. தஞ்சோங் காராங்கிலிருந்து ரவாங் வரைக்கும் கல்யாணம், பிறந்தநாள், தொழிற்சாலை விருந்து என்று ஞாயிற்றுக்கிழமைகள் நிறைந்தன.

முதல் இரண்டு வருடம் அவனும் மற்றவர்களைப் போலத்தான் போட்டான். ஒரு பாட்டு முடியும், கொஞ்சம் அமைதி, பிறகு அடுத்த பாட்டு. 1988இல்தான் அவன் போடும் முறை மாறியது. கோலாலம்பூரில் ஓர் இசைத்தட்டுக் கடையில் சீனப் பையன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து வந்த தட்டு ஒன்றைச் சுழலவிட்டான். பாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே சீராக 'தும் தும் தும் தும்' என்று அடி. மேலே பியானோ கொஞ்சம், ஒரு பெண் குரல் கொஞ்சம். அதற்கு ஹவுஸ் என்று பெயர் சொன்னான். இருசப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். தொடக்கத்தில் நூற்றிருபது. ஏழு நிமிடம் கழித்து முடிகிற இடத்திலும் அதே நூற்றிருபது. மனிதன் அடிக்கும் மேளத்தில் இப்படி வராது. இயந்திரம் அடித்த அடி. அப்படியானால் ஒரு தட்டின் வாலோடு இன்னொரு தட்டின் தலையைத் தையல் தெரியாமல் ஒட்டிவிடலாமே என்று அந்தக் கடையிலேயே அவனுக்குத் தோன்றிவிட்டது.

ஒரு தட்டு சபைக்கு ஓடும். அடுத்த தட்டு ஹெட்போன் வழியாக அவன் காதுக்கு மட்டும் ஓடும். டர்ன்டேபிளின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குக் கட்டை ஒன்று உண்டு. அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரண்டு அடியும் ஓர் அடியாக விழும்போது, ஒன்றை ஏற்றி மற்றதை இறக்க வேண்டும். இதை ஒரே மாதத்தில் பழகிவிட்டான். ஆனால் வேகம் பொருந்தியும் சில தட்டுகள் சேரும்போது காதை உறுத்தியது. அது ஏன் என்று கண்டுபிடிக்க அவனுக்கு வெளியே யாரும் தேவைப்படவில்லை. கோயில் பஜனையில் பத்து வருடமாக ஆர்மோனியம் வாசிப்பவன் அவன். சுருதி சேரவில்லை!

அன்றிலிருந்து ஒவ்வொரு புதுத் தட்டையும் ஆர்மோனியத்தோடு வைத்துக் கேட்டு, உறையின் மூலையில் சுருதியையும் வேகத்தையும் பென்சிலால் எழுதினான். "நாலு கட்டை, 120." "ரெண்டரை கட்டை, 124." நாலு கட்டையில் ஓடும் தட்டிலிருந்து ஒரு கட்டைக்குப் போகலாம், ஒரு கட்டையிலிருந்து ஐந்துக்குப் போகலாம், காது சுளிக்காது. வேகத்தை நூற்றுக்கு ஆறு குறைத்தால் சுருதியும் அரைக்கட்டை இறங்கிவிடும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதையெல்லாம் சேதுவிடம் விளக்கினால் அவன், "ஒனக்கு மண்டையில ஸ்க்ரூ லூஸ்லா" என்பான். ஆனால் கல்யாண மண்டபங்களில் நடந்ததைச் சேதுவும் பார்த்தான். ஜனங்கள் உட்காருவதே இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் அந்த அமைதியில்தான் மனிதர்களுக்குக் கால் வலி ஞாபகம் வருகிறது, தாகம் ஞாபகம் வருகிறது. இருசப்பன் அந்த இடத்தையே இல்லாமல் செய்துவிட்டான். அதில் அவனுக்குக் கர்வம் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளமாட்டான், ஆனாலும் இருந்தது.

இருசப்பன் இருந்த லயத்திலேயே மூன்று கதவு தள்ளிக் குடியிருந்தவர் செல்லன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஐம்பத்திரண்டு வயது, பருத்த உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத லேசான கால்கள். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கி அவர் ஆட ஆரம்பித்தால் வட்டம் கட்டி நின்றுவிடுவார்கள். மின்மினி டிஸ்கோ முதன்முதலில் பாட்டுப் போட்ட நாளில், வெட்கப்பட்டு யாரும் எழாதபோது, முதல் ஆளாக எழுந்து ஆடியவர் அவர்தான். இருசப்பன் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவர் மனைவி இராஜம்மா அத்தை. அவர்களுக்கு ஒரே மகள், புஷ்பவள்ளி.

1989 தை மாதம், ஒரு ஞாயிறு, புஷ்பவள்ளிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலன் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டு முடிந்து, பகலில் தோட்டத்து மண்டபத்தில் விருந்து. தகரக் கூரை கொதித்தது. நான்கு பெரிய விசிறிகள் சூட்டுக்காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தன. இருசப்பன் மேடையோரத்தில் மேசை போட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இராஜம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"தம்பி, ஒன் மாமாவுக்கு நெஞ்சு சரியில்லை. தீவாளிக்கு முந்தி கிள்ளான் பெரியாஸ்பத்திரியில போய்க் காட்டினோம். படி ஏறவே கூடாதுன்னுட்டாங்க. வெளிய யாருக்கும் சொல்லல, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னான்னு நெனைப்பாங்க? ஒன்கிட்டதான் சொல்றேன். ரெண்டு பாட்டுக்கு ஆடட்டும். மக கல்யாணம், வேணாம்னு சொன்னா கேக்கவா போறாரு. அப்புறம் நான் கை காட்டுவேன். பாட்டை நிப்பாட்டிடு. பாட்டு நின்னாத்தான் அவர் ஒக்காருவாரு."

"சரி அத்தை. நீங்க கவலைப்படாதீங்க. கை காட்டுங்க, நிப்பாட்டிடறேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஆட்டம் தொடங்கியது. முதலில் சினிமாப் பாட்டு நாலைந்து. பிறகு இருசப்பன் ஒரு வாரமாகத் தொழிற்சாலையில் ஈயம் வைக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வரிசையை எடுத்தான். நாலு கட்டையில் ஒரு தட்டு. அதிலிருந்து ஒரு கட்டைக்கு. அங்கிருந்து ஐந்துக்குப் போக வேண்டும். ஐந்து கட்டையில் அவனிடம் நல்ல தட்டு இல்லை. ஐந்தரைக் கட்டையில் நூற்றிருபத்தெட்டு வேகத்தில் ஓடும் ஒன்று இருந்தது. அதை நூற்றுக்கு ஆறு குறைத்தால் வேகம் நூற்றிருபதுக்கு வரும், சுருதி ஐந்துக்கு இறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக விழும். இதைக் கண்டுபிடித்த நாளில் அவன் தொழிற்சாலைக் கழிவறையில் தனியாக நின்று சிரித்தான்.

முதல் மாற்றம் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்று சொல்லலாம், அப்படி ஒட்டியது. மண்டபம் முழுக்க ஆடியது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆடினார், மாப்பிள்ளையின் அலுவலகத் தோழர்கள் ஆடினார்கள், நடுவில் செல்லன் துண்டோடு ஆடினார். இரண்டு பாட்டு என்ற கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. ஏனென்றால் ஒன்று முடிந்து ஒன்று தொடங்கியது என்று சொல்ல ஓர் இடமே இல்லை.

மூன்றாவது தட்டின் முதல் அடியில் ஊசியை வைத்து, விரலால் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஹெட்போனை ஒரு காதில் தோளால் அழுத்தியபடி இருசப்பன் நிமிர்ந்தான். செல்லன் ஆட்டத்தை விட்டு விலகிச் சுவரோரம் போட்டிருந்த நாற்காலிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். இடது கை மார்பின் மேல் இருந்தது. அதே நேரம் சமையல்கட்டு வாசலில் இராஜம்மா சாம்பார் வாளியோடு நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு முறை அமர்த்திக் காட்டினாள்.

அவள் கண் இவன் கண்ணைப் பார்த்தது. இவன் கண் அவள் கண்ணைப் பார்த்தது.

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ஹெட்போனில் எதையோ கூர்ந்து கேட்பவன் போல இமைகளை மூடினான். இன்னும் எட்டே அடி. ஏழு. ஆறு. விரலை எடுத்தான். மூன்றாவது தட்டு புறப்பட்டது, ஒரு கட்டைக்குள் ஐந்து கட்டை வந்து பாலில் தேன் இறங்குகிற மாதிரி இறங்கியது. சபை ஒரே குரலில் கத்தியது. மெல்ல மெல்லப் பழைய தட்டை இறக்கினான். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் செல்லன் திரும்பினார். நாற்காலியைத் தொட்டுவிட்ட கையை எடுத்துக்கொண்டு, சிரித்தபடி, துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மறுபடி நடுவுக்கு வந்தார்.

இரண்டு நிமிடம் ஆடியிருப்பார். அவர் விழுந்ததை இருசப்பன் பார்க்கவில்லை. அதுவும் ஓர் ஆட்டம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். பிறகு ஒரு பெண் அலறினாள். சேதுதான் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கினான். சத்தம் அறுந்த பிறகும் தட்டு கொஞ்ச நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

வேனிலிருந்த பெட்டிகளை மண்ணில் தூக்கிப் போட்டுவிட்டு அவரைக் கிடத்திக் கோலசிலாங்கூருக்கு ஓட்டினார்கள். இராஜம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். இருசப்பன் கால்களைப் பிடித்திருந்தான். அசாம் ஜாவா முச்சந்தி தாண்டியதும் அந்தக் கால்கள் கனத்துவிட்டன. மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க மட்டும்தான் வேலை இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு இருசப்பன் லயத்து வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். இராஜம்மா அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"தம்பி, ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தாங்கல. நான் கை காட்டினேன், நீ பாக்கல. குனிஞ்சி வேலையா இருந்த. பாட்டுப் போடறவன் எந்நேரமும் என் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருப்பான்? அதை நெனைச்சி மனச வருத்திக்காத."

"அத்தை, இல்ல..."

"விடு. ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல. நானே சொல்றேன்ல."

உண்மை வாய் வரை வந்தது. உள்ளே யாரோ இராஜம்மாவைக் கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போனாள். கூப்பிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு பல நாள் அவன் தன்னையே ஏமாற்றிப் பார்த்தான். அதுவும் ஒட்டவில்லை. சொல்ல இருந்தால் பின்னாடியே போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று கதவுதான் தூரம்.

அதற்குப் பதிலாக அவன் வேலை செய்தான். இராஜம்மா வீட்டுக் கூரையில் ஓட்டைத் தகரங்களை மாற்றினான். குழாயடியிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். செல்லனின் காப்புறுதிப் பணத்துக்கான தாள்களுக்காக அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கோலசிலாங்கூருக்கு நாலு நடை போனான். "சொந்தப் புள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான்" என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஆனாலும் மறுவாரமும் போனான். டிஸ்கோவுக்குக் கேட்டு வந்தவர்களிடம் இயந்திரம் கெட்டுவிட்டது என்றான். கெடவில்லை என்று சேதுவுக்குத் தெரியும்.

"எத்தனை நாளைக்கிடா இப்படி? அவரு சாவணும்னு நேரம். நீயா கொன்ன?" என்று சேது ஒருநாள் கேட்டான்.

சேதுவிடமும் இருசப்பன் அந்தக் கண் பார்வையைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

இப்படியே நாலு மாதம். ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து ரவாங் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது புஷ்பவள்ளியைப் பார்த்தான். அவள்தான் முதலில் "அண்ணே" என்று கூப்பிட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். கையில் பாசாரில் காய்கறி வாங்கிய பை. சௌக்கியமா என்று கேட்டதுதான் தாமதம், தெருவென்றும் பார்க்காமல் கண் கலங்கிவிட்டது.

"என் மாமியார் என்னை வாசப்பக்கம் நிக்கவே விடமாட்டேங்கிறாங்கண்ணே. யாராச்சும் நல்ல காரியத்துக்குக் கெளம்பினா என்னைப் பின்கட்டுக்குப் போகச் சொல்றாங்க. தாலி ஏறின அன்னிக்கே அப்பனை முழுங்கினவ, இந்த வீட்டுல யாரை முழுங்கப் போறியோன்னு கேக்கறாங்க."

"பாலன் ஒன்னும் சொல்றதில்லையா?"

"அவரு பேப்பர் படிக்கறாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சி. இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது. என் நேரம்தானே? நான் கால் வெச்ச நேரம்தானே அப்பா போனாரு?"

பேருந்து வந்துவிட்டது, அவள் ஏறிவிட்டாள். இருசப்பன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். தன் ஒருவனுக்குள் மட்டும்தான் அது அரித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தான். தன் பங்கை இந்தப் பெண் தினம் தினம் பின்கட்டில் நின்று அனுபவிக்கிறாள் என்பது அவனுக்கு இதுவரை தெரியாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ரவாங் தாமான் குடியிருப்பில் பாலன் வீட்டு மணியை அடித்தான். மாமியார் தங்கமணி வாய் நிறைய வரவேற்று உட்கார வைத்தாள். பாலன் செய்தித்தாளை மடித்து வைத்தான். புஷ்பவள்ளி தேநீர் கொண்டுவந்தாள். இருசப்பன் அதைத் தொடவில்லை.

"அம்மா, நான் ஒன்னு சொல்லணும். கல்யாணத்தன்னிக்கி நடந்தது. புஷ்பா நேரத்தால நடக்கல."

எல்லாவற்றையும் சொன்னான். செல்லனுக்கு நெஞ்சுவலி இருந்தது, இராஜம்மா முன்கூட்டியே வந்து கேட்டுக்கொண்டது, தான் வாக்குக் கொடுத்தது, செல்லன் உட்காரப் போனது, கை காட்டியது, கண்ணும் கண்ணும் பார்த்தது, தான் குனிந்தது. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு மாதமாக மலைபோல இருந்தது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

தங்கமணி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலன் மனைவியைப் பார்த்தான். அவன் அவளை அப்படிப் பார்த்தே வெகு நாளாகியிருக்க வேண்டும். புஷ்பவள்ளி தேநீர்த் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"பதினாறுக்கு அங்கதானே இருந்தீங்க."

"இருந்தேன்."

"கூரை மாத்தினப்ப?"

அவன் தலை கவிழ்ந்தது.

"எங்கம்மா கையால எத்தனை தடவை சோறு தின்னிருப்பீங்க? இங்க வந்து என்னைக் காப்பாத்தறீங்களாண்ணே?" அவள் குரல் உயரவில்லை. "மொதல்ல அங்க போயிருக்கணும். போங்க. இப்பவே போங்க."

மோட்டார் சைக்கிளில் வரும்போது வழி நெடுகத் தான் ஏன் இங்கே முதலில் வந்தேன் என்றுதான் யோசித்தான். தங்கமணி அவனுக்கு யாரோ. அவள் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அதுதான் காரணம். சுலபமான வாசலாகப் பார்த்து முதலில் தட்டியிருக்கிறான்.

இராஜம்மா லயத்துப் பின்புறம் மணைக்கட்டையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். இருசப்பன் எதிரே மண்ணில் உட்கார்ந்து சொன்னான். ரவாங்கில் சொன்னதுபோல வரிசையாக வரவில்லை. "நான் பாத்தேன் அத்தை" என்றுதான் முதலில் வந்தது.

கத்தி நின்றது.

"எதை?"

"நீங்க கை காட்டினதை. பாத்தேன். பாத்துட்டுத்தான் குனிஞ்சேன்."

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து தோலைக் கொத்தியது. அவள் அதை விரட்டவில்லை.

"எனக்கு மொதல்ல அப்படித்தான் பட்டுச்சி" என்றாள் கடைசியில். "இவன் பாத்தானேன்னு. வேன்ல போறப்பவே பட்டுச்சி. அப்புறம், சீ, நம்ம இருசன் அப்படிச் செய்வானா, புருஷன் போன துக்கத்துல ஒரு புள்ளையப் போயி சந்தேகப்படறியேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அதனாலதான் பதினாறுக்கு ஒன்னைக் கூப்பிட்டு அப்படிச் சொன்னேன்."

இருசப்பனால் நிமிர முடியவில்லை.

"ஏன்? அதை மட்டும் சொல்லு. அவர் மேல ஒனக்கு என்னா?"

"ஒன்னுமில்ல அத்தை. பாட்டோட பாட்டு சேர்ற கலவை நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சி. அப்படி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. விட மனசு வரல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் அவனைப் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். எதிர்பார்த்தான் என்பதைவிட வேண்டிக்கொண்டான் என்று சொல்லலாம். அவள் கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"போ. இனிமே என் வீட்டு வேலை எதையும் செய்யாத."

கதவு சாத்தப்படவில்லை. திறந்தே கிடந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரவாங்கில் தங்கமணி மருமகளை வாசலுக்கு வரவிட்டாள். மனசு மாறியதால் இல்லை. பேசுவதற்கு அவளுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான், அதனால்தான். ஆனாலும் புஷ்பவள்ளிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. பாலன் அவளை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் அம்மா வீட்டில் வந்து தங்கினான். இருசப்பன் அந்த வாரம் முழுக்கப் பின்வழியாகவே வேலைக்குப் போய் வந்தான்.

தங்கமணி சொன்ன கதை வாய்க்கு வாய் வளர்ந்தது. டிஸ்கோக்காரன் அன்று குடித்திருந்தான் என்று ஆனது. பிறகு அவனுக்கும் செல்லனுக்கும் பழைய பகை என்று ஆனது. வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி நெஞ்சை வெடிக்க வைத்தான் என்றுகூடத் தஞ்சோங் காராங்கில் ஒருவர் சொன்னாராம்.

"நீ பீர்கூடத் தொடறதில்லைன்னு ஊருக்கே தெரியும். போய்ச் சொல்லேன்லா!" என்று சேது குதித்தான்.

"சொல்லட்டும் விடு."

அவன் பெருந்தன்மையால் அப்படிச் சொல்லவில்லை. குடிகாரன், பகைக்காரன் என்று ஊர் சொல்லும்போது அவன் அந்தப் பெரிய பழிக்குள் போய் ஒளிந்துகொள்ள முடிந்தது. குடித்தவனுக்குப் போதை இருக்கிறது, பகைத்தவனுக்குப் பகை இருக்கிறது. அவனுக்கோ எட்டு அடியை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சின்னக் காரணத்தை நேருக்கு நேர் பார்ப்பதைவிட ஊர்ப் பழி சுலபமாக இருந்தது.

ஆடி மாதம் தோட்டத்துக் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா வந்தது. ஒலிபெருக்கி கட்டுவது வருடா வருடம் இருசப்பன் வேலை. இந்த வருடம் யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பெரிய கிராணி வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி காலையிலேயே கரகரத்து ஊமையாகிவிட்டது. சேது அவனை இழுத்துக்கொண்டு வந்தான். கருவிப் பையோடு இருசப்பன் கோயில் வேலியருகே வந்ததும் ஆலயத் தலைவர் முருகையா குறுக்கே நின்றார்.

"நீ தொடாத. குடிச்சிட்டு ஒரு ஆளையே கொன்னவன் சாமி மைக்கத் தொடக் கூடாது."

கூழுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருசப்பன் பையைத் தோளில் ஏற்றினான். வரிசையின் நடுவில் தூக்குச்சட்டியோடு நின்ற இராஜம்மா வெளியே வந்தாள். வெள்ளைச் சேலை. ஆறு மாதத்தில் அவள் கோயிலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"முருகையாண்ணே, அவன் குடிக்கல" என்றாள். "அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சண்டையும் இல்ல. நான் கை காட்டினேன். அவன் பாத்தான். பாத்துட்டுப் பாக்காத மாதிரி குனிஞ்சிக்கிட்டான். அவன் செஞ்சது அது. அதுக்கு மேல யாரும் எதையும் சேக்காதீங்க. கொறைக்கவும் வேணாம்."

அவள் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு செய்தியைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

இருசப்பனுக்கு முகம் எரிந்தது. குடிகாரன் என்று சொன்னபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. அத்தனை பேர் முன்னால், கூட்டாமல் குறைக்காமல், அவன் செய்தது அவன் மேலேயே வந்து உட்கார்ந்தது. இனி ஒளிய இடமில்லை. செல்லன் மாமாவின் சிரித்த முகம், நாற்காலியிலிருந்து எடுத்த அந்தக் கை, எல்லாம் பட்டப்பகலில் கண்முன் நின்றன. அவன் அப்படியே நின்றான். ஓடிப்போகத் தோன்றவில்லை.

முருகையா தொண்டையைக் கனைத்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு வழியை விட்டார்.

"அந்த மஞ்சக் கம்பிதான் அறுந்திருக்குன்னு நெனைக்கறேன்" என்றார்.

இருசப்பன் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினான். மஞ்சள் கம்பி அறுந்திருக்கவில்லை, இணைப்பில் ஈயம் விட்டுப்போயிருந்தது. ஈயக்கோல் சூடேறும் வரை காத்திருந்தான். இராஜம்மா வரிசையில் தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனாள். முன்னால் நின்றவர்கள் அவளை முதலில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தன் முறை வரும்வரை வெயிலிலேயே நின்றாள்.